பன்னிரண்டு கட்டம் என்று விற்ற காரும் தன்னாமுனையில் வந்த ஆமையும்



கொஞ்சம் நீளமான பதிவு. கரண்டுக் கார் வாங்க நினைப்பவர்களும் விற்க நினைப்பவர்களும் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன தவணையில் ஒரு பின்னேரம், தன்னாமுனையில் எங்கள் கார் நின்றுவிட்டது. ஒரேயடியாக நிற்கவில்லை. ஏறாவூரிலேயே ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். கடைசியில் மீட்டரில் ஒரு ஆமைப் படம் வந்தது. நிசான் லீஃப் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆமையைத் தெரியும். இதற்கு மேல் இழுக்க முடியாது என்று கார் கையை விரிக்கும் இடம் அது. காத்தான்குடிக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நாலு ஆசிரியர்கள், திருத்தாத பரீட்சைத் தாள்கள் இரண்டு பை, முகத்தில் அடிக்கும் கச்சான் காற்று. வீதியோரம் நின்றோம். போன பஸ்ஸில் இருந்து எங்கள் மாணவர்கள் கை காட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

நாங்கள் நாலு பேரும் ஓட்டமாவடிப் பக்கம் படிப்பிக்கிறோம். போய் வர 70 கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் காசு கட்டாது என்றுதான் எங்களில் ஒருவர், கத்தாரில் இருக்கும் தம்பி அனுப்பிய காசோடு தன் சீட்டுக் காசையும் சேர்த்து இந்தக் காரை வாங்கினார். மாதாமாதம் பங்குக் காசு போட்டுக் கூடப் போவது என்று பேச்சு. விற்றவர் "12 பார், புதுசு மாதிரி" என்றார். ஆமை வந்த நாளில் அது 8 ஆகியிருந்தது. வாங்கி இரண்டு மாதம் கூட ஆகவில்லை.

ஊருக்கு இது போதுமானதாக இருந்தது. "கரண்டுக் கார் எல்லாம் ஏமாத்து." "பழைய போன் மாதிரி, நிப்பாட்டி வைச்சாலே பெட்டரி இறங்கும்." "இந்த வெயிலுக்கு அது சரிவராது மச்சான்." தேநீர்க் கடையில் ஒரு காக்கா, பெட்டரிக்கும் ஆயுள் எழுதப்பட்டிருக்கிறது, கத்ரை மாற்ற முடியுமா என்று கேட்டார். கத்ரின் மேல் எங்களுக்கும் ஈமான் இருக்கிறது காக்கா. ஆனால் ஒரு மனிதன் மறைத்து விற்றதை அல்லாஹ்வின் கணக்கில் எழுதிவிட்டுத் தேநீர் குடிக்க எங்களால் முடியாது.

முதலில் இந்தக் கட்டக் கணக்கைச் சொல்கிறோம். பழைய லீஃபின் மீட்டரில் வலது பக்கம் இரண்டு வரிசை இருக்கும். உள்ளே பெரிய கட்டங்கள். இப்போது எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று அவை காட்டும். அதற்கு வெளியே, ஓரத்தோடு ஒட்டி, சின்னக் கட்டங்கள். பெட்டரியின் கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று காட்டுபவை அவைதான். புதுப் பெட்டரிக்கு 12. கொள்ளளவில் சுமார் 15 சதவீதம் போனால்தான் முதல் கட்டம் விழும். அதற்குப் பிறகு ஒவ்வொரு 6 சதவீதத்துக்கும் ஒரு கட்டம். ஆக 8 கட்டம் என்றால் பெட்டரியில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. விற்பவர்கள் சிலர் முழுதாகச் சார்ஜ் பண்ணி, உள்ளே இருக்கும் பெரிய கட்டங்களை விரலால் தொட்டுக் காட்டி "12 பார்" என்கிறார்கள். அது பொய்யில் எளிய வகை. இன்னொரு வகை இருக்கிறது. காரின் கணினியை ரீசெட் பண்ணினால் வெளிக் கட்டங்களும் 12 ஆகிவிடும். சில வாரங்கள் ஓடிய பிறகு கணினி உண்மையைக் கண்டுபிடித்துக் கட்டங்களை ஒவ்வொன்றாக உதிர்க்கும். எங்களுக்கு நடந்தது இதுதான் என்று, வேலை தெரிந்த ஒருவர் பார்த்துவிட்டுச் சொன்னார்.

பெட்டரி தேய்வது குற்றம் இல்லை. 2010 கடைசியில் வந்த லீஃபின் 24 கிலோவாட் மணி பெட்டரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டலும் இல்லை, காற்றாடியும் இல்லை. பெட்டிக்குள் மூடிய பெட்டரி. வெப்பம் அதன் எதிரி. 2012ல் அமெரிக்காவில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்துக் காரர்கள் இதையே சொல்லிச் சண்டை பிடித்தார்கள். கடைசியில் நிசான் இறங்கி வந்து, 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் 9 கட்டத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவோம் என்று உத்தரவாதம் கொடுத்தது. 2015 மொடலில் வெப்பம் தாங்கும்படி பெட்டரியின் கலவையையும் மாற்றியது. ஃபீனிக்ஸுக்காவது குளிர்காலம் உண்டு. எங்கள் வாவிக் கரையில் பெட்டரிக்கு வருடம் முழுக்க லீவே கிடையாது.

இந்த நாட்டுக்கு இந்தக் கார்கள் கூட்டமாக வந்தது 2015ல். அந்த வருட ஆரம்பத்தில் வரியைக் குறைத்தார்கள், வருடக் கடைசி பட்ஜெட்டில் திரும்ப ஏற்றினார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நின்றது. 2022ல் பெட்ரோல் வரிசையும் கியூஆர் கோடும் வந்தபோது லீஃப் வைத்திருந்தவர்தான் ஊரில் ராஜா. வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாகப் பணம் அனுப்பினால் கரண்டுக் கார் இறக்கலாம் என்ற திட்டமும் அந்த வருடம்தான் வந்தது. தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் இருந்த ஐந்து வருடமும் அதே பழைய கார்கள்தான் கை மாறின. வருடத்துக்கு வருடம் பெட்டரி தேய, வருடத்துக்கு வருடம் விலை ஏறியது. தேய்ந்த சாமானுக்கு ஏறின விலை கேட்க வேண்டுமானால் தேய்மானத்தை மறைக்கத்தான் வேண்டும். அதைத்தான் செய்கிறார்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட ஹதீஸை நாங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஈரமாக இருந்ததற்காக அந்த வியாபாரி கண்டிக்கப்படவில்லை, மழை பட்டிருந்தது. ஈரத்தை உள்ளே தள்ளிக் காய்ந்ததை மேலே வைத்ததுதான் பிரச்சினை. 8 கட்டக் காரை 8 கட்டம் என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. காத்தான்குடியில் இருந்து மட்டக்களப்பு டவுனுக்கும், வேண்டுமானால் ஏறாவூர் வரைக்கும் போய் வருகிற ஒருவருக்கு அந்தக் கார் இன்னும் பல வருடம் தாராளம். ஓட்டமாவடிக்குப் போகிறவருக்கு அது போதாது. யாருக்கு எது போதும் என்று வாங்குகிறவர் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவைத்தான் ரீசெட் பண்ணுகிறவர் திருடுகிறார். இதைச் செய்பவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று சொல்லித் தப்ப வேண்டாம். எங்களுக்கு விற்றவர் எங்களோடு ஒரே சஃபில் நின்று தொழுகிறவர்.

வாங்குகிறவர்கள் மேலும் எங்களுக்குக் கோபம் இருக்கிறது, எங்களையும் சேர்த்துத்தான். நிறம் பார்த்தோம், சீட் கவர் பார்த்தோம், ஓடோமீட்டர் பார்த்தோம். நாலு பேரில் ஒருவர் கணிதம் படிப்பிக்கிறவர், அவர் கூட ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. ரீசெட் பண்ணி மறைக்க முடியாத சாட்சி ஒன்று எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது: மின்சார சபையின் மீட்டர். காரைச் சார்ஜ் அடிமட்டத்துக்கு வரும்வரை ஓட்டுங்கள். வீட்டில் மற்ற எல்லா பிரேக்கரையும் கொஞ்ச நேரத்துக்கு நிறுத்துங்கள். முடியாவிட்டால் பிளக்கில் செருகும் சின்ன யூனிட் மீட்டர் ஒன்றை வாங்குங்கள். சார்ஜ் நிரம்பும்வரை எத்தனை யூனிட் போனது என்று எழுதுங்கள். நல்ல 24 கிலோவாட் மணி பெட்டரி, சார்ஜ் பண்ணும்போது வீணாவதையும் சேர்த்து 24 யூனிட் அளவில் குடிக்கும். எங்கள் கார் 16ல் நிரம்பிவிட்டது. போனில் லீஃப்ஸ்பை செயலியும், காரில் செருகும் சின்ன ஓபிடி கருவியும் இருந்தால் இன்னும் விவரமாகப் பார்க்கலாம். ஆனால் புதிதாக ரீசெட் பண்ணிய காரில் அதுவும் ஏமாறும். யூனிட் கணக்கு ஏமாறாது.

நிப்பாட்டி வைத்தால் இறங்கும் என்ற கதைக்கு வருவோம். பெரிய பெட்டரி சும்மா நிற்கும்போது அவ்வளவாக இறங்காது. லீவில் மூன்று வாரம் நின்று, ஸ்டார்ட் ஆகாத கார்களில் பெரும்பாலும் செத்திருப்பது முன்பக்கம் இருக்கும் 12 வோல்ட் பெட்டரி. பெட்ரோல் காரில் இருக்கும் அதே சாமான். அது செத்தால் பெரிய பெட்டரி நிறைந்திருந்தாலும் கார் கண் திறக்காது. அதை மாற்றாமல் "பெட்டரி போயிட்டு" என்று பாதி விலைக்கு விற்ற ஒருவரை நாங்கள் அறிவோம். வாங்கியவர் 12 வோல்ட் பெட்டரியை மாற்றி இன்றைக்கும் ஓட்டுகிறார்.

சார்ஜ் பண்ணும் விஷயத்திலும் நாங்கள் செய்யும் அநியாயம் கொஞ்சம் இல்லை. மஃரிப் தொழுதுவிட்டு வந்து காரைச் செருகுகிறோம். மாலை 6.30 முதல் 10.30 வரை நாடு முழுக்கக் கரண்ட் அதிகம் இழுக்கும் நேரம்; ட்ரான்ஸ்ஃபோமருக்குத் தூரத்தில் இருக்கும் வீடுகளில் ஃபேன் கூட மெதுவாகச் சுற்றும் நேரம். இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை ஏழு மணித்தியாலம் இருக்கிறது. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் 10 அம்பியர் இழுத்தால் மணிக்கு 2.3 யூனிட், ஏழு மணித்தியாலத்தில் 16. எங்கள் தேய்ந்த காருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. காரிலேயே டைமர் இருக்கிறது, ஆனால் ஜப்பானில் இருந்து வந்த காரில் மெனு எல்லாம் ஜப்பான் எழுத்து. போன் கமெராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள். எண்பதில் நிறுத்தும் 'லோங் லைஃப்' வசதியும் அதற்குள் ஒளிந்திருக்கலாம். தூரப் பயணம் இல்லாத நாளில் எண்பது போதும். நூறு வரை நிரப்பி, பகல் முழுக்க வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் இந்தப் பெட்டரியைக் கொல்லும் சுருக்கு வழி. விடியப் போகும் நேரத்துக்குச் சார்ஜ் முடிகிற மாதிரி வையுங்கள், வேப்பமர நிழலில் நிறுத்துங்கள். (இப்போது வரும் பிவைடி போன்ற புதுக் கார்களின் பெட்டரி வேறு சாதி. அவற்றை இடைக்கிடை நூறு வரைக்கும் நிரப்பத்தான் வேண்டும். காரோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள், எங்களை நம்பாதீர்கள்.)

கரண்ட் பில் இல்லாமல் கார் ஓடும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பயணத்துக்குச் சுவரில் இருந்து நாளைக்கு 11, 12 யூனிட் போகும். மாதத்துக்கு 250 அளவில். 90 யூனிட் எரித்த வீடு 340 யூனிட் வீடாகிவிடும். 180ஐத் தாண்டிய ஒவ்வொரு யூனிட்டும் உச்சப் படியில். அப்படியும் நாலு பேரின் பெட்ரோலை விட மலிவு, அதை மறுக்கவில்லை. ஆனால் பங்குக் காசைப் பழைய பில்லை வைத்துப் பிரிக்காதீர்கள், கார் வைத்திருப்பவரின் வீட்டில் சண்டை வரும். கூரையில் சோலார் இருப்பவர்கள் சனி, ஞாயிறு பகலில் போடுங்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு லீவில் பகல் கரண்ட் மிஞ்சிப்போய், கூரைச் சோலார்களை நிறுத்தச் சொல்லி மின்சார சபையே கேட்ட நாடு இது.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். சில கார்களின் சார்ஜர், எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்குக் காட்டி மறுத்துவிடும். எங்கள் ஊர் மணல் நிலம். கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் காய்ந்து எர்த் பலவீனமாகும். அதற்கு எர்த் கம்பியை ஆழமாக இறக்க வேண்டும். அதை விட்டுவிட்டு பிளக்குக்குள் எர்த்தை நியூட்ரலோடு முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் வயர்மேன்கள் இருக்கிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுக்கக் கரண்ட். ஈரக் கையோடு கதவைத் தொடுவது உங்கள் பிள்ளையாக இருக்கும். சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கோட்டில் எட்டு மணித்தியாலம் கார் போடுபவர்களுக்கும் இதே கெஞ்சல். வாவிக் காற்றின் உப்புக்குப் பிளக்கின் பித்தளை பச்சை பிடித்துச் சூடாகும். மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பு நிறம் தெரிந்தால் மாற்றுங்கள்.

எங்கள் கதை இப்போது இப்படிப் போகிறது. பாடசாலைக் கரண்டில் போடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அது பிள்ளைகளின் காசு, வேண்டாம் என்றோம். பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரண்டு மணித்தியாலம் போட்டு யூனிட் காசு கொடுத்துவிடுகிறோம். வீடு வந்து சேர அது போதும். விற்றவரிடம் போய்ப் பேசினோம். "நானும் 12 என்றுதான் வாங்கினேன்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

அந்த ஓபிடி கருவியையும் யூனிட் மீட்டரையும் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து வாங்கி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம். பழைய லீஃப் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் காரைக் கொண்டு வாருங்கள், காசு வேண்டாம். விற்கப் போகிறவர்களும் வரலாம்.