எம்டன் ஏன் சென்னைக்கு வந்தது?

1914ம் ஆண்டு செப்டம்பர் 22ம் தேதி இரவு. சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து நின்ற எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. தொட்டிகள் பற்றி எரிந்தன. பயந்துபோன மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கில்லாடியான ஆளை "சரியான எம்டன்" என்று சொல்லும் வழக்கம் அன்று வந்ததுதான்.

சரி, சென்னைக்கும் ஜெர்மனிக்கும் என்ன பகை? ஒன்றுமே இல்லை! சென்னை அன்று பிரிட்டன் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

முதல் உலகப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டால், சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார் என்று பள்ளிப் பாடத்தை ஒப்பிப்பவர்கள் அதிகம். ஒரு துப்பாக்கிச் சூட்டுக்காக சுமார் 90 லட்சம் சிப்பாய்கள் செத்தார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அது வெறும் தீக்குச்சி. மண்ணெண்ணெய் பல வருடங்களாக ஊற்றப்பட்டு வந்தது.

1871ல் ஒன்றுபட்ட ஜெர்மனி வேகமாக வளர்ந்தது. எஃகு உற்பத்தியில் பிரிட்டனையே முந்தியது. ஜெர்மன் சரக்கு வந்து குவிவதைப் பொறுக்காத பிரிட்டன், வெளிநாட்டுப் பொருட்களில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1887ல் சட்டம் போட்டது. வேடிக்கை என்னவென்றால், மட்டமான சரக்கு என்று காட்டப் போட்ட 'மேட் இன் ஜெர்மனி' முத்திரையே பிறகு தரத்துக்கு அடையாளமாகிவிட்டது!

ஆனால் இந்தப் போட்டியால் மட்டும் போர் வரவில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல வாடிக்கையாளர்கள். ஜெர்மன் வணிகக் கப்பல்களுக்கு லண்டன் லாயிட்ஸில் இன்சூரன்ஸ் இருந்தது. அதாவது, பிரிட்டிஷ் கடற்படை மூழ்கடிக்கும் கப்பலுக்கு பிரிட்டிஷ்காரர்களே நஷ்ட ஈடு தர வேண்டிய நிலை! போரில் ஜெயித்தாலும் நஷ்டம்தான் என்று நார்மன் ஏஞ்சல் என்ற எழுத்தாளர் 1910ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் பார்த்து யாரும் போருக்குப் போகவில்லை.

பின் எதனால் போனார்கள்? முதல் காரணம் பயம். 1898லும் 1900லும் சட்டம் போட்டு ஜெர்மனி பெரிய கடற்படை கட்ட ஆரம்பித்தது. தன் வியாபாரத்துக்குப் பாதுகாப்பு என்றது. சாப்பாட்டுக்கே கப்பலை நம்பியிருந்த பிரிட்டனுக்கோ அது கழுத்தில் வைத்த கத்தி. 1906ல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற ராட்சதக் கப்பலை இறக்கியது. அதனால் பழைய கப்பல்கள் எல்லாமே (பிரிட்டனுடையதும் சேர்த்து!) மதிப்பிழந்தன. போட்டி புதிதாகத் தொடங்கியது. ஒருவரின் தற்காப்பு அடுத்தவருக்குத் தாக்குதலாகத் தெரிந்தது.

இரண்டாவது, ஜாமீன் கையெழுத்து. ஒரு பக்கம் ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி. மறுபக்கம் பிரான்சும் ரஷ்யாவும் 1894ல் சேர்ந்தன. பிரிட்டன் 1904ல் பிரான்சோடும் 1907ல் ரஷ்யாவோடும் சமாதானமானது. நண்பனின் கடனுக்கு ஜாமீன் போட்டால், அவன் கட்டாதபோது வீட்டுக்கு வருவது யார்? 1914 ஜூலையில் ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி தந்த ஆதரவை தொகை எழுதாத காசோலை என்றே சரித்திரம் சொல்கிறது. ஆஸ்திரியா அதில் தொகையை நிரப்பிக்கொண்டது.

மூன்றாவது, அவசரம். ரஷ்யா திரள்வதற்குள் பிரான்சை முடிக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். ரஷ்யா படை திரட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு நாளும் முக்கியமாகிவிட்டது. 1917க்குள் ரஷ்ய ராணுவம் இன்னும் பலமாகிவிடும், வருகிற சண்டை இன்றே வரட்டும் என்று ஜெர்மன் தளபதிகள் நினைத்தார்கள். பேச நேரமில்லை. ஜூன் 28ல் இளவரசர் சாகிறார், ஆகஸ்ட் 4ல் பிரிட்டன் போரில் குதிக்கிறது. மொத்தம் 37 நாட்கள்!

வல்லரசுகள் மோதுவது விதி என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அதே காலத்தில் அமெரிக்காவும் பிரிட்டனை முந்தியது. 1895ல் வெனிசுலா எல்லைப் பிரச்சினையில் இரண்டும் முறைத்துக்கொண்டன. பிரிட்டன் மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்தது. 1901ல் மத்திய அமெரிக்கக் கால்வாய் உரிமையையும் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. போர் வரவில்லை. நடுவே அட்லாண்டிக் கடல் இருந்தது, ஜாமீன்காரர்கள் இல்லை, அவசரமும் இல்லை.

இன்று அமெரிக்காவையும் சீனாவையும் பார்த்து, "இவ்வளவு வியாபாரம் இருக்கும்போது சண்டை எப்படி வரும்?" என்று கேட்கிறார்கள். 1914ல் இருந்தவர்களும் இதையேதான் நம்பினார்கள். இன்று அணுகுண்டும் சேர்ந்திருக்கிறது. வியாபாரம் மட்டும் காப்பாற்றாது. கியூபா நெருக்கடியில் பயந்த பிறகு 1963ல் வாஷிங்டனும் மாஸ்கோவும் நேரடித் தொடர்பு வைத்துக்கொண்டன. அந்த மாதிரி பேசும் வழி வேண்டும். நண்பர்களுக்குத் தொகை எழுதாத காசோலை தராத புத்தியும் வேண்டும்.

முதல் உலகப் போருக்காக பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. போர் வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். உலகம் இரண்டுபட்டால் யாருக்கும் கொண்டாட்டமில்லை. எங்கோ இருக்கிற ஊரின் எண்ணெய்த் தொட்டிகூட எரியும்.