காட்டுப்பன்றிக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? கேட்ட தோழர்களுக்கு நம்ம பதில்



நவரைப் பட்டம் தொடங்கினதுல இருந்து இந்தப் பக்கத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "கொல்லைல வேர்க்கடலை போட்டிருக்கேன், பன்னி விட மாட்டேங்குது, எந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் ஈசியா கிடைக்கும், கட்சி சொல்லுமா?" சாலவாக்கம் பக்கம் ஒருத்தர் கேட்டார், எடமச்சி பக்கம் ஒருத்தர் கேட்டார், திருப்புலிவனத்துல இருந்து ஒரு அண்ணன் ஃபோன் போட்டே கேட்டார். கேக்குறவங்க யாரும் வேட்டை ஆசையில கேக்கல. ராத்திரி ஒரு கூட்டம் உள்ள பூந்தா விடியும்போது கடலைக் கொடி வேர் மேல, தலை கீழ கிடக்கும். நெல்லுன்னா தின்னது கால்வாசி, உருண்டு படுத்து நாசம் பண்ணது முக்கால்வாசி. போட்ட முதல் போச்சேன்னு வயித்தெரிச்சல்ல கேக்குறாங்க.

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்குறேன். 2025 ஜனவரியில "தமிழ்நாட்டில் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி"ன்னு செய்தி வந்தப்போ, நானும் தலைப்பை மட்டும் படிச்சிட்டு நாலு வாட்ஸ்அப் குரூப்ல தட்டி விட்டேன். "இனி விவசாயியே சுடலாம்"னு மேல ஒரு வரி வேற சேர்த்தேன். அது தப்பு. அந்த மெசேஜ் இன்னும் உங்க ஃபோன்ல இருந்தா அழிச்சிடுங்க, தயவுசெஞ்சு மேல அனுப்பாதீங்க.

அந்த உத்தரவு உண்மையில சொன்னது என்னன்னா: காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வெச்சுப் பிடிச்சு காட்டுல விடணும். 3 கிலோமீட்டரைத் தாண்டினா மட்டும் சுடலாம். சுடறது யாரு? வனத்துறையோட பயிற்சி பெற்ற ஆளுங்க. நீங்களும் நானும் கிடையாது.

சரி, லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருந்தாலுமா முடியாது? இங்கதான் எல்லாரும் குழம்பறோம். டிரைவிங் லைசென்ஸ் இருக்குங்கிறதுக்காக பஸ் பெர்மிட் இல்லாம பயணிகளை ஏத்த முடியுமா? அதே கதைதான். துப்பாக்கி வெச்சுக்கிறதுக்கு ஒரு சட்டம், பன்றியைச் சுடறதுக்கு இன்னொரு சட்டம். ஒண்ணு 1959 ஆயுதச் சட்டம், இன்னொண்ணு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். முதல் சட்டத்துல உங்களுக்கு வழி இருக்கு, பல பேருக்கு அது தெரியாது. ரெண்டாவதுலதான் கதவு சாத்தி இருக்கு.

முதல் சட்டத்தைப் பார்ப்போம், கேட்ட கேள்விக்கு நேர் பதில் அங்கதான் இருக்கு. ஆயுதச் சட்டம் 13ஆம் பிரிவுலயே பயிர்ப் பாதுகாப்புன்னு ஒரு காரணம் எழுதியிருக்கு. அதுக்காக அந்தச் சட்டம் முதல்ல கை காட்டற துப்பாக்கி, வாய் வழியா மருந்து கெட்டிக்கிற ஒற்றைக்குழல், நம்ம ஊர்ல எஸ்.பி.எம்.எல். அது போதாதுன்னு அதிகாரி திருப்திப்பட்டா, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ள வரி இல்லாத வழவழப்பான வேற துப்பாக்கி, அதாவது 12 போர் மாதிரி, கொடுக்கலாம். ரைஃபிள் இதுல வராது. வயசு 21 ஆகியிருக்கணும். மனு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, விசாரணை போலீஸ் மூலமா. 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் 5 வருஷத்துக்குச் செல்லும், ஒருத்தர் ரெண்டு துப்பாக்கிக்கு மேல வெச்சுக்க முடியாது.

இதுல எது நல்லதுன்னு கேட்டா, என் அபிப்பிராயம்: நாலு பக்கமும் வீடு இருக்கிற நம்ம சமவெளியில ரைஃபிள் ஆசையே வேண்டாம். அது வராதுங்கிறதும் நல்லதுக்குத்தான். ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்குல போகும். நம்ம நிலத்துக்குப் பின்னாடி தோட்டாவை வாங்கிக்க மலையா இருக்கு? வரப்பு இருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகையில யாரோ படுத்திருக்காங்க. 12 போர் ரவை அவ்வளவு தூரம் போகாது. எஸ்.பி.எம்.எல். விலை கம்மி, ஆனா ஒரே வெடி. பால்ரஸ் போட்டு மறுபடி இடிச்சு முடிக்கிறதுக்குள்ள அடிபட்ட பன்னி உங்க தொடையில தந்தத்தை இறக்கிடும். அடிபட்ட பன்னி ஓடாது, திரும்பும். பெரியவங்களைக் கேளுங்க.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். 2019க்கு அப்புறம் அதுக்குக் குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில். "ஏர்கன்னுக்கு லைசென்ஸ் வேண்டாமே"ன்னு ஒரு தம்பி கேட்டார். .177 போர், 20 ஜூலுக்கு மேல போகாததுன்னா வேண்டாம்தான். ஆனா அது பன்றித் தோலைக் கூடத் துளைக்காது, கோபத்தை மட்டும் கிளப்பும். அதால மயிலை அடிச்சாலும் அது வேட்டைதான். மயில் முதல் அட்டவணை, பயிரைத் தின்னுச்சுங்கிற காரணத்துக்காக யாரும் சுட அனுமதி தர முடியாது.

இப்போ ரெண்டாவது சட்டம். 2022 திருத்தத்துக்கு அப்புறம் காட்டுப்பன்றி ரெண்டாவது அட்டவணையில இருக்கு. அனுமதி இல்லாமக் கொன்னா 3 வருஷம் வரைக்கும் தண்டனை, 1 லட்சம் வரைக்கும் அபராதம். அதே சட்டத்துல 11ஆம் பிரிவு இருக்கு. ரெண்டாவது அட்டவணை விலங்கு நிக்கிற பயிருக்கு ஆபத்துன்னு ஆனா, தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, காரணத்தை எழுத்துல சொல்லி, யாரை வேணும்னாலும் சுட அனுமதிக்கலாம். "யாரை வேணும்னாலும்" என்பதை ரெண்டு தடவை படிங்க. வனத்துறை ஆள் மட்டும்னு மத்திய சட்டம் சொல்லல. அது நம்ம மாநிலம் எடுத்த முடிவு.

கேரளா வேற முடிவு எடுத்துச்சு. பன்றியைக் கேடு விளைவிக்கும் பிராணின்னு அறிவிக்கச் சொல்லி மத்திய அரசைக் கேட்டாங்க, கிடைக்கல. உத்தராகண்டுக்கும் பீகாருக்கும் 2015, 2016ல கிடைச்சது இவங்களுக்கு இல்லை. சரின்னு உக்காந்திடல. 2022 மே மாசம், சுட உத்தரவு போடற அதிகாரத்தை ஊராட்சித் தலைவர் கையிலயே கொடுத்தாங்க. லைசென்ஸ் துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களை அவர் கூப்பிடலாம். விஷம், வெடி, மின்சாரம் வெச்சுக் கொல்லக் கூடாதுன்னு கூடவே தெளிவா சொன்னாங்க. அங்க எல்லாம் தீர்ந்துடுச்சுன்னு நான் சொல்ல வரல. பன்னி இன்னும் இருக்கு. ஆனா விவசாயி மனு கொடுக்க நடந்து போற தூரத்துல ஒரு ஆள் இருக்கார்.

நம்ம 1, 3 கிலோமீட்டர் கணக்குக்கு வாங்க. வால்பாறைக்கோ தாளவாடிக்கோ அது பொருந்தலாம், அங்க காடுன்னா காடு, ஊருன்னா ஊரு. நம்ம பக்கம் காப்புக்காடு ஒரே பெரிய காடா கிடையாது. அங்கங்க துண்டு துண்டா குன்று, புதர்க்காடு. ஒரு துண்டுல இருந்து அளந்தா நீங்க 4 கிலோமீட்டர், இன்னொரு துண்டுல இருந்து அளந்தா 2. அதைவிட முக்கியம், நம்ம பன்னி பகல்ல படுக்கிறது காப்புக்காட்டுலயா? ஏரிக்குள்ள இருக்கிற சீமைக்கருவேலத்துல. தண்ணி வத்தின ஏரி உள்வாயில முள்ளு மண்டிக் கிடக்கு, நிழல் இருக்கு, சேறு இருக்கு, கரைக்கு இந்தப் பக்கம் இறங்கினா நம்ம நெல்லு. அதுக்கு இதைவிட வசதியான வீடு எங்க கிடைக்கும்? அந்த வீட்டை விட்டுட்டு காட்டு எல்லையில இருந்து டேப் பிடிச்சு அளக்கறது, திருடன் தெருவுல இருக்க போலீஸ் பக்கத்து ஊர்ல தேடற மாதிரி.

அதனால கட்சி சார்பா நாம கேக்க வேண்டியது வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இல்ல. தூரத்தைப் பன்றி தங்கற இடத்துல இருந்து பாருங்க. 11ஆம் பிரிவு அதிகாரத்தை ஊராட்சி மட்டத்துக்கு இறக்குங்க. மனு கொடுத்த எத்தனை நாளைக்குள்ள ஆள் வரணும்னு எழுத்துல போடுங்க. சுடறது பயிற்சி எடுத்த கை, லைசென்ஸ் துப்பாக்கி, பகல்ல ஊருக்குத் தண்டோரா போட்டுச் சொல்லிட்டு. ஏரிக்குள்ள இருக்கிற முள்ளை வேரோட எடுங்க. எடுத்தா தண்ணியும் கூடுதலா நிக்கும்.

ஊராட்சிக்கு அந்தத் தகுதி இருக்கான்னு யாராவது கேட்டா, அவங்களை நம்ம ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கச் சொல்லுங்க. முதலாம் பராந்தகன் காலத்துல, 920ஐ ஒட்டி வெட்டின கல்வெட்டு. குடவோலையைப் பத்தி எல்லாக் கட்சிக்காரங்களும் மேடையில பேசறோம், எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கங்கிறதை மட்டும் விட்டுடறோம். ஏரி வாரியம், தோட்ட வாரியம். ஏரியையும் தோட்டத்தையும் பார்த்துக்கிறதுக்கு ஊர்க்காரங்க, 360 நாள் பொறுப்பு. (அந்தக் குடத்துல யார் பேரெல்லாம் போட விடலங்கிறது வேற கதை, அதைத் தனியா ஒரு நாள் பேசணும்.) 1100 வருஷத்துக்கு முன்னாடி ஏரியை ஊர்க்கிட்ட கொடுக்க முடிஞ்சிருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். துப்பாக்கின்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஆசைன்னு நினைக்காதீங்க. பக்கத்து வேடந்தாங்கல்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவையைச் சுட்டப்போ, சுடாதேன்னு போய் நின்னது விவசாயிங்கதான். 1798ல கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். எதைக் காப்பாத்தணும், எதைத் துரத்தணும்னு கணக்குத் தெரிஞ்ச ஊரு இது.

இப்போ இந்தப் பதிவை எழுத வெச்ச உண்மையான காரணத்துக்கு வரேன். துப்பாக்கி கிடைக்கல, வனத்துறை வரல, அடுத்து நம்ம ஆள் என்ன செய்யறார்? மோட்டார் கொட்டகையில இருந்து ஒரு கம்பியை இழுத்து வயலைச் சுத்திக் கட்டறார். நான் இன்ஜினியரிங் படிச்சவன், அதனால இதை மட்டும் கொஞ்சம் விளக்கமா சொல்றேன். அனுமதி பெற்ற சோலார் வேலி ஒரு நொடியில ரொம்பச் சின்ன பங்கு நேரம் மட்டும் துடிப்பு துடிப்பா மின்சாரம் அனுப்பும். தொட்டா சுரீர்னு தள்ளி விடும். நடுவுல இடைவெளி இருக்கிறதால கையை எடுத்துட முடியும். மோட்டார் லைன்ல இருந்து நேரா இழுத்த கம்பியில இடைவெளியே கிடையாது. 230 வோல்ட் நிக்காம ஓடும், பிடிச்ச கை இறுகிடும், விடாது. ஈர வரப்புல வெறுங்கால்ல நிக்கிறவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்பே இல்ல.

அந்தக் கம்பியில சிக்கறது பன்னி மட்டுமா? ராத்திரி தண்ணி கட்டப் போன பக்கத்து நிலத்துக்காரர். விடிகாலையில ஏரிக்கரைப் பக்கம் ஒதுங்கப் போன அக்கா. கட்டின ஆளே மறந்து போய் மிதிச்ச சம்பவம் தமிழ்நாடு முழுக்க எத்தனை பேப்பர்ல படிச்சிருக்கோம். 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் ஒரே வேலியில மூணு யானை செத்துச்சு, ரெண்டு குட்டி அனாதையா நின்னுச்சு. அதுக்கு அப்புறம்தான் மின்வேலிக்குன்னு தமிழ்நாட்டுல தனி விதியே வந்துச்சு. பன்னிக்குக் கட்டின கம்பியில மனுஷன் செத்தா, கட்டினவர் மேல மரண வழக்கு, மின்திருட்டு வழக்கு. ரெண்டு குடும்பம் ஒரே ராத்திரியில நடுத்தெருவுக்கு வரும். அவுட்டுக்காயும் அப்படித்தான். பன்னிக்கு வெச்சதைக் கடிச்சு வாய் கிழிஞ்சு நிக்கிறது உங்க வீட்டுப் பசுவாவும் இருக்கலாம்.

ஆகவே தோழர்களே, உங்க கிளையில யாராவது இப்படிக் கம்பி கட்டியிருந்தா, நம்ம கட்சிக்காரரா இருந்தாலும் சரி, எதிர்க்கட்சிக்காரரா இருந்தாலும் சரி, இன்னைக்குச் சாயந்திரமே போய்ப் பேசிக் கழட்ட வைங்க. மிரட்ட வேண்டாம், அவரும் நொந்து போய்த்தான் கட்டியிருப்பார். கூட நின்னு மனு எழுதிக் கொடுங்க. சர்வே எண், பயிர், எவ்வளவு சென்ட் சேதம், எந்தத் தேதி, தேதி தெரியற ஃபோட்டோ. ஒரு பிரதி வனச்சரக அலுவலகத்துக்கு, ஒண்ணு வி.ஏ.ஓ.வுக்கு, ஒண்ணு வேளாண்மை உதவி இயக்குநருக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க. மனு போகட்டும், அதுவரைக்கும் பழைய சேலையை வரப்பைச் சுத்திக் கட்டறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பன்றி விரட்டி மருந்து, ராக்காவலுக்கு நாலு நிலத்துக்காரங்க முறை போட்டுக்கிறது, இதெல்லாம் நடக்கட்டும். முழுசா நிக்காது, ஆனா யாரும் சாக மாட்டாங்க.

மனுவோட பிரதியை நம்ம பக்கத்துக்கும் அனுப்புங்க. பேர், ஃபோன் நம்பரை மறைச்சிடுங்க. ஊர் வாரியா தொகுத்து, அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல மொத்தமா வெக்கிறோம். சாலவாக்கம், மானாம்பதி, பெருநகர் பக்கத் தோழர்கள் முதல்ல அனுப்புங்க, அங்க இருந்துதான் அதிகமா ஃபோன் வருது.

#ஊராட்சிக்கு_அதிகாரம்_கொடு
#மின்கம்பி_வேண்டாம்

— தகவல் தொழில்நுட்பப் பிரிவு, உத்திரமேரூர் ஒன்றியம்