லேசர் கண் சிகிச்சை: லாசிக், ஸ்மைல், பிஆர்கே - பார்வைத் திறனில் எது முந்துகிறது?

பெங்களூரு: ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டது. தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்ற இப்பகுதியின் ஹெல்த் சிட்டி வளாகத்தில் நாராயணா நேத்ராலயா கண் மருத்துவமனையின் கிளையும் இயங்குகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட விரும்பும் மென்பொருள் ஊழியர்கள் முதலில் கேட்பது, எந்த லேசர் சிறந்தது என்பதே. இதற்கான விடை விளம்பரங்கள் சொல்வதுபோல் அத்தனை எளிதன்று.

பிஆர்கே முறையில் கருவிழியின் மேல்தோல் நீக்கப்பட்டு லேசர் செலுத்தப்படுகிறது. லாசிக்கில் மெல்லிய மடல் திறக்கப்பட்டு, அதனடியில் சிகிச்சை நடைபெறுகிறது. ஸ்மைல் முறையில் மடல் இல்லை. 2 முதல் 4 மி.மீ. வரையிலான கீறல் வழியே வில்லை வடிவத் திசு வெளியே எடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் இதற்கு 2016-இல் ஒப்புதல் கிடைத்தது.

கிட்டப்பார்வைக்கான லாசிக்கையும் பிஆர்கேயையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, லாசிக்கில் வலி குறைவு, பார்வை விரைவில் திரும்புகிறது. ஆனால் ஓராண்டுக்குப் பின் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒன்றே. பெங்களூரு நேத்ரதாமா மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஸ்மைல் சிகிச்சை பெற்றவர்களிடம் லாசிக்கைவிடக் கண் வறட்சி குறைவாக இருந்தது. மடலுக்காக வெட்டப்படும் நரம்புகள் இதில் பெரும்பாலும் தப்புவதே காரணம். அதேவேளை, முதல் சில நாள்களில் லாசிக் நோயாளிக்கே தெளிவு சற்று முன்னதாக வருகிறது.

அளவுகோலிலும் சிக்கல் உண்டு. '6/6' என்பது வெளிச்சமான அறையில், வெள்ளைப் பலகையில் உள்ள கறுப்பு எழுத்துகளைப் படிக்கும் திறன் மட்டுமே. இரவில் எதிர்வரும் லாரியின் முகப்பு விளக்கைச் சுற்றித் தோன்றும் ஒளிவட்டத்தை அது காட்டாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பங்களிப்புடன் நடந்த 'ப்ரௌல்' ஆய்வில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் லாசிக் முடிவில் திருப்தி தெரிவித்தனர். அதே ஆய்வில், முன்பு எவ்விதப் பார்வைத் தொந்தரவும் இல்லாதிருந்தவர்களில் 46 விழுக்காடு வரையிலானோர் மூன்று மாதங்களில் ஏதேனும் ஒரு புதிய தொந்தரவைக் குறிப்பிட்டனர். இவ்விரு எண்களில் முதலாவது மட்டுமே விளம்பரங்களில் இடம்பெறுகிறது.

தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கருவிழியின் கனமே. ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைச் சரிசெய்ய, 6 மி.மீ. பரப்பில் சுமார் 12 மைக்ரான் திசு கரைக்கப்படுகிறது. அதாவது, மைனஸ் 8 பவருக்கு 96 மைக்ரான். மடலுக்கு 110 மைக்ரானைச் சேர்த்தால் 206. கருவிழியின் கனம் 450 மைக்ரான் எனில், மிஞ்சுவது 244. பாதுகாப்பு எல்லையாகக் கருதப்படும் 250-க்கும் கீழ். அவருக்கு லாசிக் மறுக்கப்படும். மடல் தேவைப்படாத பிஆர்கேயில் இந்த 110 மைக்ரான் இழப்பு இல்லை. எனினும் மெல்லிய கருவிழி, கெரட்டோகோனஸ் நோயின் தொடக்கமாகவும் இருக்கக்கூடும் என்பதால், எந்த லேசரும் வேண்டாம் என மருத்துவர் கூறவும் வாய்ப்புண்டு.