கடைக் கணக்கும் கம்ப்யூட்டர் பூட்டும்



நமது பத்திரிகையில் ஜி.எஸ்.டி. பற்றியும், உணவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும், எடைக்கல் முத்திரை பற்றியும் பல கட்டுரைகள் வந்துள்ளன. ஆனால் இன்று பெரும்பாலான கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் எழுதக் காணோம். நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன், பொறியாளன் அல்ல. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, நம்ம கடையிலே திருட என்ன இருக்கு? பருப்பும் புளியும்தானே!" என்று ஒரகடம் சாலையில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். பருப்பைப் பற்றிப் பேச்சில்லை. அந்தப் பருப்பை யார், எந்தத் தேதியில், எவ்வளவு, ரொக்கமா கடனா என்று வாங்கினார்கள் என்ற கணக்கைப் பற்றித்தான் பேச்சு. அந்தக் கணக்குக்கு இன்று தனி விலை இருக்கிறது.

அமெரிக்காவின் வால்மார்ட் கம்பெனி 2004-ஆம் ஆண்டு பிரான்சஸ் என்ற புயல் வருவதற்கு முன், பழைய பில்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தது. முந்தைய புயலுக்கு முன்பு மக்கள் என்ன வாங்கினார்கள் என்று தேடியதில், டார்ச் லைட்டோடு கூட ஸ்ட்ராபெரி பாப்டார்ட் என்ற தின்பண்டமும் வழக்கத்தைப் போல ஏழு மடங்கு விற்றிருந்தது தெரிந்தது. உடனே புயல் வரும் ஊர்களுக்கு லாரி லாரியாக அதை அனுப்பினார்கள். பிக் டேட்டா, பெருந்தரவு என்று இப்போது பெரிதாகப் பேசுகிறார்களே, அதற்கு இது ஒரு நல்ல உதாரணம். அதே வால்மார்ட்தான் 2018-இல் பிளிப்கார்ட்டின் பெரும்பங்கை வாங்கி நம் தெருவுக்கே வந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் ஊரில் மெழுகுவத்தியும் பால் பவுடரும் எத்தனை மணிக்குத் தீர்ந்தன என்று நம் பில் மிஷினுக்குத் தெரியும். நாம்தான் அதைக் கேட்பதில்லை. மாதம் ஒருமுறை ஆடிட்டருக்கு அனுப்புவதோடு சரி.

சிங்கப்பெருமாள் கோவில் போன்ற ஊரில் இந்தக் கணக்கு பொன்னானது. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை பிரியும் இடம் இது. தொழிற்சாலைகளின் நல்லது கெட்டது முதலில் நம் கடன் நோட்டில்தான் தெரியும். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியபோதும், 2022-இல் மறைமலைநகர் போர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோதும் பாக்கி எப்படி ஏறியது என்பது மூத்த வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். இப்போது ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள் அறை எடுத்துத் தங்கும் தெருக்களில் கடுகு எண்ணெயும் மசூர் பருப்பும் ஆட்டாவும் சம்பளத் தேதியை ஒட்டிப் போகின்றன. தீபாவளி, சத் பூஜைக்கு அவர்கள் ஊருக்குக் கிளம்பினால் அந்தச் சரக்கு அப்படியே நிற்கும். எந்த வாரம் எவ்வளவு கொள்முதல் செய்வது என்பதைச் சென்ற இரண்டு வருட பில்லைப் பார்த்து முடிவு செய்கிற கடைக்காரரின் பணம் கிடங்கில் முடங்குவதில்லை. இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. பில் போடும் பையனிடம் சரக்குவாரியாக, வாரவாரியாக ஒரு பட்டியல் எடுத்துத் தரச் சொன்னால் போதும்.

நாம் பார்க்காத கணக்கை மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஆர்டர் எடுக்கும் செயலி, இலவசமாகத் தரும் பில் செயலி, கடன் நோட்டுச் செயலி என்று வரிசையாக வருகின்றன. இலவசமாக ஒருவன் ஏன் கொடுக்கிறான் என்று நம் முன்னோர் முதலில் கேட்டிருப்பார்கள். அமேசான் தன் தளத்தில் விற்கும் மற்ற வியாபாரிகளின் வெளியில் தெரியாத விற்பனை விவரங்களைத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்துகிறது என்று ஐரோப்பிய ஆணையம் 2020-இல் குற்றம் சாட்டியது. இனி அப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று அந்தக் கம்பெனி உறுதிமொழி கொடுத்து, 2022 டிசம்பரில் அந்த விவகாரம் முடிந்தது. அங்கே கேட்பதற்கு ஓர் ஆணையம் இருந்தது. இங்கே நம் பில் விவரம் எங்கே போகிறது என்று நாமே கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி பில் மென்பொருளை மாற்ற நினைத்துத் தன் மூன்று வருடக் கணக்கைத் திருப்பிக் கேட்டபோது, விற்றவர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார். பெயர் வேண்டாம். நம் பேரேட்டை நமக்கே விலைக்கு விற்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி பூட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2018 ஜனவரி 3-ஆம் தேதி உலகம் முழுவதும் ஒரு செய்தி வந்தது. கம்ப்யூட்டரின் மூளையாகிய பிராசசரிலேயே ஓட்டை இருக்கிறது என்றார்கள். கூகுள் கம்பெனியின் ஆய்வாளர்களும், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும், வேறு சிலரும் கண்டுபிடித்தது. மெல்ட்டவுன் என்றும் ஸ்பெக்டர் என்றும் பெயர் வைத்தார்கள். 1995-க்குப் பிறகு வந்த இன்டெல் பிராசசர்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மெல்ட்டவுன் பொருந்தும். ஸ்பெக்டர் செல்போனையும் விடவில்லை.

அது என்ன ஓட்டை? நம் கடையை வைத்தே சொல்கிறேன். டீக்கடைக்காரர் ஒருவர் தினம் காலை ஆறு மணிக்கு வந்து இரண்டு கிலோ சர்க்கரையும் அரைக் கிலோ டீத்தூளும் வாங்குவார். அவர் தெருமுனையில் திரும்பும்போதே கெட்டிக்காரப் பையன் நிறுக்கத் தொடங்கிவிடுவான். வேலை சீக்கிரம் முடியும். ஒருநாள் அவர் வேண்டாம் என்றால் சர்க்கரை டின்னுக்குத் திரும்பும், பில் கிடையாது, கணக்கில் ஒன்றும் ஏறாது. ஆனால் கடையோரம் நிற்கிற ஒருவன், எந்த டின் மூடி திறந்திருக்கிறது என்று பார்த்தே அந்த ஆள் வழக்கமாக என்ன வாங்குவார் என்று சொல்லிவிடுவான்.

பிராசசரும் இதையேதான் செய்கிறது. அடுத்த வேலை இதுவாக இருக்கும் என்று ஊகித்து முன்கூட்டியே செய்கிறது. ஊகம் தவறினால் விட்டுவிடுகிறது. ஆனால் எடுத்த விவரத்தின் தடம் கைக்கெட்டும் நினைவகத்தில் நின்றுவிடுகிறது. கைக்கெட்டும் தட்டில் இருக்கும் பொருள் உடனே வரும், கிடங்கில் இருப்பது தாமதமாக வரும் அல்லவா? அந்த நேர வித்தியாசத்தை அளந்து, களவு நிரல் ஒன்று பாஸ்வேர்டைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவிடலாம். மெல்ட்டவுனில் இன்னும் மோசம். அனுமதி உண்டா என்று பார்த்து முடிப்பதற்குள் பையன் முதலாளியின் கல்லாவிலேயே கை வைத்துவிடுகிறான்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த வழியில் ஒரு மளிகைக் கடையின் கணக்கு களவு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. பலருடைய கணக்குகள் ஒரே பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் இடங்களில்தான் இந்த ஓட்டையால் ஆபத்து அதிகம். நம் பில் மென்பொருளும் இப்போது அப்படிப்பட்ட இடத்தில்தான், கிளவுட் என்கிறார்களே, அங்கே கணக்கைச் சேர்த்து வைக்கிறது. 2023-இல் டவுன்பால் என்று இன்டெல்லிலும் ஜென்பிளீட் என்று ஏ.எம்.டி.யிலும் புதிய ஓட்டைகள் தெரியவந்தன. ஒவ்வொன்றுக்கும் கம்பெனிகள் திருத்தம் அனுப்புகின்றன. திருத்தம் போட்டால் கம்ப்யூட்டர் சற்று மெதுவாகலாம் என்பது உண்மைதான். அதைச் சாக்காக வைத்து அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கடைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

அப்டேட் போடாததன் விலை நம் பக்கத்திலேயே தெரிந்தது. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற களவு நிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஒரகடத்தில் உள்ள ரெனோ நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. அது பிராசசர் ஓட்டை அல்ல, விண்டோஸ் ஓட்டை. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14 அன்று கொடுத்திருந்தது. அடுத்த மாதமே வேறொரு நிரல் மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு முனையத்தை நிறுத்திவிட்டது. அத்தனை பெரிய இடங்களில் ஆள் அம்பு இருந்தும் இந்தக் கதி. 2020 நவம்பரில் பிக்பாஸ்கெட்டின் சுமார் இரண்டு கோடி வாடிக்கையாளர் விவரம் களவுச் சந்தையில் விலைக்கு வந்ததும் நினைவிருக்கலாம். அதுவும் மளிகை வியாபாரம்தான்.

நம் கடைகளில் பெரும்பாலும் செகண்ட்ஹாண்ட் கம்ப்யூட்டர். விண்டோஸ் 7-க்குத் திருத்தம் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10-க்கு இலவசத் திருத்தம் பொதுவாக 2025 அக்டோபர் 14-உடனும் நின்றுவிட்டன. பழைய பிராசசர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் வைத்திருப்பது, ஷட்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிடுவதற்குச் சமம். விண்டோஸ், பிரவுசர், கம்ப்யூட்டர் கம்பெனி தரும் பயாஸ் திருத்தம் மூன்றையும் போடவேண்டும். பில் போடும் கம்ப்யூட்டரில் சினிமா பார்க்க விடக்கூடாது. வாரம் ஒருமுறை கணக்கைத் தனி டிஸ்கில் எடுத்து, கழற்றி, வீட்டில் வைக்கவேண்டும். சொருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது உள்ளே இருக்கும் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்குப் போன் செய்யவேண்டும்.

வாடிக்கையாளரின் செல்போன் எண்ணையும் கடன் கணக்கையும் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் நமக்கும் பொறுப்பு வருகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதிகாரி வந்து கேட்கும்போது தேடுவதைவிட இப்போதே பார்த்து வைப்பது செலவு குறைவு.

தனித்தனியாக ஒவ்வொரு கடைக்காரரும் டெக்னீஷியனைத் தேடி அலைய முடியாது. எடைக்கல் முத்திரைக்குச் சங்கத்தில் ஒருநாள் முகாம் போடுவது போல, கம்ப்யூட்டர் பரிசோதனைக்கும் வருடத்துக்கு இரண்டு முகாம் நம் சங்கம் போடவேண்டும். பில் மென்பொருள் விற்பவர்களைச் சங்கத்துக்கு அழைத்து, எங்கள் கணக்கு எங்கே இருக்கிறது, வேறு யார் பார்க்கிறார்கள், விலகினால் கட்டணமின்றித் திருப்பித் தருவீர்களா என்று மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கவேண்டும். ஒரு கடைக்காரர் கேட்டால் சிரிப்பார்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் பதில் வரும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முகாமுக்கு வரும் டெக்னீஷியனின் முதல் நாள் சம்பளத்தை நான் தருகிறேன்.