மதிலின் முறையீட்டுக்கு மிதிதான் பதிலா?



வீடியோ விளையாட்டு என்று சொன்னவுடன் நம் சமுதாயத்தில் இரு சாரார் பேச முன்வருகின்றனர். ஒரு சாரார், அது முழுக்க முழுக்க ஷைத்தானின் வலை என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதி முடித்துவிடுவர். மற்றொரு சாரார், வெறும் விளையாட்டில் பொருள் தேடுவானேன் என்று கடந்துவிடுவர். எதிரெதிராகத் தோன்றும் இவ்விருவரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர். பிள்ளையின் அருகில் அமர்ந்து திரையில் நடப்பதை இருவருமே பார்ப்பதில்லை.

பார்த்திருந்தால், ஒரு கல் பேசுவதைக் கேட்டிருப்பர். அந்தக் கல்லுக்காகவே இன்று வழக்காட வந்துள்ளேன்.

1996 ஜூன் 23 அன்று ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம், தனது நின்டெண்டோ 64 என்னும் கருவியுடன் 'சூப்பர் மாரியோ 64' என்ற விளையாட்டையும் வெளியிட்டது. இயக்கியவர் ஷிகெரு மியாமோட்டோ. அதுவரை பக்கவாட்டில் மட்டுமே ஓடிக்கொண்டிருந்த மாரியோ, இதில் எத்திசையிலும் நடக்கவும் தாவவும் தொடங்கினான். பவுசர் என்னும் வில்லன் களவாடிப் பல களங்களில் பதுக்கி வைத்த நட்சத்திரங்களை மீட்பதே ஆட்டம். மொத்த நட்சத்திரங்கள் 120. இரண்டாம் களத்தின் பெயர் 'வாம்ப்பின் கோட்டை'.

வாம்ப் என்பது கால் முளைத்த சுவர். அகன்று நிமிர்ந்த ஒரு கற்பலகை. அதில் கண்கள், பெரிய வாய், குட்டையான கை கால்கள். வழியை அடைத்துக்கொண்டு உலவும். மாரியோ நெருங்கினால் முகங்குப்புற விழுந்து நசுக்கும். ஜப்பானியர் அதற்கு இட்ட பெயர் 'பட்டான்'. கனத்த பொருள் ஒன்று சாய்ந்து விழும் ஓசையைக் குறிக்கும் சொல் அது. நம் 'படார்' என்பதற்கு அயலில் வைக்கத் தக்கது. விழுந்த வாம்ப் எழுவதற்குள் அதன் முதுகின் மீது எம்பிக் குதித்து அமுக்க வேண்டும். அவ்வளவில் அது உடைந்துவிடும்.

வழிமறிக்கும் சுவர் ஜப்பானுக்குப் புதியதன்று. கியூஷு தீவின் ஃபுகுவோகாப் பகுதிக் கடற்கரையில் 'நூரிகாபே' என்றொரு நம்பிக்கை இருந்தது. இரவில் நடந்து செல்பவன் முன்னே திடீரென ஒரு சுவர் நிற்கும். அப்பால் செல்ல இயலாது. மேற்பகுதியை அடித்துப் பயனில்லை. கோலால் கீழ்ப்பகுதியைத் தட்டினால் மறைந்துவிடும் என்பர். நாட்டார் வழக்காறுகளைத் திரட்டிய யனாகிதா குனியோ 1930களில் இதனைப் பதிவு செய்தார். பின்னர் ஓவியர் மிசுகி ஷிகெரு அச்சுவருக்குக் கண்ணும் கை கால்களும் கொடுத்து வரைந்து நாடறியச் செய்தார். வாம்ப்பைப் பார்ப்போர் பலர் அந்த உருவத்தை நினைவுகூர்வதில் வியப்பில்லை. ஆயினும் பழைய நூரிகாபேயிடம் எனக்கு வழக்கில்லை. அது எதையும் கேட்பதில்லை. நிற்கிறது, மறைகிறது, அவ்வளவே. நின்டெண்டோ செய்தது வேறு. சுவருக்கு வாயைக் கொடுத்தது. அவ்வாயில் நியாயமான ஒரு முறையீட்டையும் வைத்தது.

கோட்டையின் உச்சியில் வாம்ப்புகளின் அரசன் நிற்கிறான். ஆங்கிலப் பதிப்பில், மாரியோ எதிரே சென்று நின்றதும் அவன் பேசத் தொடங்குகிறான். அவன் பேச்சின் சாரம் இது: உங்கள் வீடுகள் எங்களால் ஆனவை, உங்கள் கோட்டைகளும் எங்களால் ஆனவை, உங்கள் சாலைகளில் விரிந்து கிடப்பவர்களும் நாங்களே, அப்படியிருந்தும் எங்கள் மேல் நடந்து செல்கிறீர்கள், ஒரு நாளாவது நன்றி என்று சொன்னதுண்டா?

கேள்வி முடிந்தது. பதில் வர வேண்டிய இடத்தில் என்ன வருகிறது? அதே மூச்சில், விளையாட்டாகவே உன்னை நசுக்கப் போகிறேன் என்றும் அவன் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகின்றனர். உடனே சண்டை மூள்கிறது. அவன் மூன்று முறை விழுகிறான். மூன்று முறையும் மாரியோ அவன் முதுகில் குதித்து அமுக்குகிறான். அரசன் தோற்கிறான். தான் வெறும் மிதிகல்தான் என்று ஒப்புக்கொண்டு நொறுங்குகிறான். நட்சத்திரம் மாரியோவின் கையில்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. மிதிக்காதே என்று கேட்டவனை மிதித்தே வாயடைத்து, நான் மிதிகல்தான் என்று அவனையே சொல்லவும் வைத்து, அதை ஒரு நகைச்சுவையாக முடித்திருக்கின்றனர். அந்தப் பாத்திரத்தின் முதுகைப் பாருங்கள். அங்கே காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி வரையப்பட்டுள்ளது. ஏற்கெனவே அடிபட்ட இடம் அது. எங்கே அடித்தால் உடையும் என்று விளையாடுபவனுக்குக் காட்டும் குறியும் அதுவே. காயத்தைக் கண்டால் இரங்கு என்று வீட்டில் சொல்லி வளர்க்கிறோம். காயத்தைக் கண்டால் அங்கேயே அடி என்று திரை சொல்லிக் கொடுக்கிறது.

எதிர்த்தரப்பு வாதங்களை நான் அறியாமலில்லை. அரசன் கையில் இருப்பது களவுப்பொருள், அதை மீட்க மாரியோவுக்கு உரிமையுண்டு என்பர். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு காழியின் முன் இவ்வழக்கு வந்தால் அவர் இரண்டையும் பிரித்தே விசாரிப்பார். நட்சத்திரத்தை அரசன் திருப்பித் தர வேண்டும். காலமெல்லாம் அவன் இனத்தின் உழைப்பை அனுபவித்தவர்கள் அவனுக்குத் தர வேண்டியதைத் தர வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்தல் நீதியாகாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று ஐந்தாம் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுவது, எதிரியிடமும் நியாயம் இருக்கக்கூடும் என்பதனால் அன்றோ?

அவன்தான் நசுக்குவேன் என்று மிரட்டினானே என்பது அடுத்த வாதம். அந்த மிரட்டலை அவன் வாயில் வைத்தவர் யார் என்று கேட்கிறேன். கதை சொல்பவர்கள் கையாளும் பழைய தந்திரம் இது. உரிமை கேட்பவனின் கேள்விக்கு விடை சொல்ல முடியாதபோது, அவனைக் கொடியவனாக்கிவிட்டால் போதும். கேள்வி தானாகவே செத்துவிடும். சம்பளம் கேட்கும் வேலையாளைத் திமிர் பிடித்தவன் என்றும், கணக்குக் கேட்கும் விதவைச் சகோதரியை வாயாடி என்றும் பெயர் சூட்டி அனுப்பும் வீடுகளில் நடப்பதும் இதே தந்திரம்தான்.

கல்லுக்கு ஏது உணர்ச்சி, ஏது நன்றி என்று சிரிப்பவர்களும் உண்டு. மற்றவர் சிரிக்கட்டும், முஸ்லிம் சிரிக்கலாமா? கற்களுள் அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழுபவையும் உண்டு என்று பகரா அத்தியாயத்தில் ஓதுகிறோம். உஹது மலை நம்மை நேசிக்கிறது, நாமும் அதை நேசிக்கிறோம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரியிலும் முஸ்லிமிலும் படிக்கிறோம். நபித்துவத்துக்கு முன்பே தமக்கு ஸலாம் கூறிய மக்காவின் கல் ஒன்றைத் தாம் அறிவதாக அவர்கள் சொன்னதும் முஸ்லிமில் உள்ளது. கல் பேசியது என்ற செய்தி நமக்குக் கேலிப்பொருள் அன்று. திரையில் பேசும் கல் வெறும் கற்பனை என்பதை நானும் அறிவேன். அதற்காக அது கேட்ட கேள்வியும் கற்பனையாகிவிடாது.

ஏனெனில் வீடுகளைக் கட்டியவர்களும் சாலைகளைப் போட்டவர்களும் கற்பனை மாந்தர் அல்லர். வளைகுடா நகரங்களின் கோபுரங்களை எழுப்பிய கைகளுள் நம் வாப்பாமார், சாச்சாமார், காக்காமார் கைகளும் இருந்தன. அந்த நகரங்களின் வழுவழுப்பான தரையில் நடப்பவர் எவரும் அவர்களுக்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. இது நமக்கு வலிக்கிறது. ஆனால் இங்கே நமக்கு வீடு கட்டித் தந்த கொத்தனாரையும், தலையில் கலவைச் சட்டி சுமந்த சித்தாளையும் வீடு குடிபுகும் விருந்தில் எந்த வரிசையில் அமர வைத்தோம்? அழைத்தோமா? மனிதருக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவன் ஆகான் என்ற கருத்தில் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் பதிவாகியுள்ள நபிமொழியை மேடைதோறும் சொல்கிறோம். அதே கேள்வியை ஒரு கற்சுவர் கேட்டால் மட்டும் விளையாட்டு என்கிறோம்.

தொழுகை நேரத்தை விழுங்கும் விளையாட்டை நான் ஆதரிப்பதாக எவரும் எழுத வேண்டாம். பாங்கு சொன்ன பின்னும் கையை விட்டு இறங்காத கருவியைப் பிடுங்கி வைக்கச் சொல்பவர்களில் நானும் ஒருவன். என் வாதம் நேரத்தைப் பற்றியதன்று. பிள்ளை விளையாடும் அந்தச் சிறிது நேரத்தில் அவன் எதற்குப் பழகுகிறான் என்பதைப் பற்றியது. என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் இந்த விளையாட்டில் கெட்டிக்காரன். அந்தக் கல்ராஜா என்னப்பா பேசுவான் என்று அவனிடம் கேட்டேன். "தெரியாது ஹஸ்ரத், பட்டனை அழுத்தினா அது போயிடும்" என்றான். அவன் மீது குறையில்லை. நட்சத்திரம் கிடைப்பது முதுகை மிதிப்பதால்; பேச்சைக் கேட்பதால் ஒன்றும் கிடைப்பதில்லை. எது பலன் தருமோ அதைப் பிள்ளை கற்றுக்கொள்கிறது.

விளையாட்டை உருவாக்கியவர்கள் நினைத்திருந்தால் வேறு வழி வைத்திருக்கலாம். நன்றி சொன்னால் சுவர் விலகி வழிவிடும் என்று ஓர் ஏற்பாடு செய்வது, ஒரு முழு உலகையே முப்பரிமாணத்தில் படைத்தவர்களுக்குக் கடினமா? அப்படிச் செய்ய அவர்களுக்குத் தோன்றவில்லை. 2004இல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக இவ்விளையாட்டைப் புதுப்பித்தபோதும் அரசன் மிதிபட்டான். 2010இல் வந்த 'சூப்பர் மாரியோ கேலக்ஸி 2'இல் அதே கோட்டையை மீண்டும் எழுப்பினர். அங்கும் அவன் முதுகே இலக்கு. 2020இல் பழைய விளையாட்டைத் தொகுப்பில் சேர்த்து மறுபடியும் விற்றனர்.

அரசன் நொறுங்கிய பின் அந்தக் கோட்டையில் நடப்பது ஒன்று உண்டு. பிள்ளைகள் அதைக் கவனிப்பதேயில்லை. அடுத்த முறை அக்களத்துக்குள் நுழைந்தால், அவன் நின்ற அதே உச்சியில் கல்லால் ஆன ஒரு கோபுரம் எழுந்து நிற்கும். அதன் மேல் ஏறுவதுதான் இரண்டாம் நட்சத்திரத்துக்கான வேலை. உங்கள் பிள்ளை அதில் ஏறும்போது அருகில் அமர்ந்து, இந்தக் கோபுரத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.