சொல் தேடுவோர்க்கு ஒரு நகைச்சுவைப் படம்

பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் வீட்டார் எங்களிடம் தவறாமல் கேட்பது, "டி.வி. பார்க்கலாமா?" என்பதே. பார்க்கலாம், ஆனால் செய்தி விவாதங்கள் வேண்டா. 1964-இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தையே நாங்கள் பரிந்துரைப்போம்.

அஃபேசியா எனப்படும் இப்பேச்சிழப்பு பெரும்பாலும் மூளையின் இடப்பக்கப் பாதிப்பால் வருவது. அறிவு இருக்க, சொல்தான் எட்டாமற்போகிறது. அறுபது ஆண்டு பேசிய தாய்மொழியையே அவர் மீண்டும் கற்கவேண்டியவராகிறார். வீட்டாரோ காது கேளாதவரிடம் பேசுவதுபோல் உரக்கப் பேசுகின்றனர். அவர் தொடங்கிய சொல்லைத் தாமே முடித்தும் விடுகின்றனர்.

அப்படத்தில் நாகேஷ், பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். நாகேஷின் குரலும் கையசைவும் பாதிக் கதையைச் சொல்லிவிடும்; மீதியைப் பாலையாவின் முகம் சொல்லும். சொல் பிடிபடாதவருக்கும் கதை பிடிபடும். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு அக்காட்சி மனப்பாடம் என்பது கூடுதல் வசதி. ஐந்து நிமிடம் போதும். நடுவே நிறுத்தி, "பாலையா பயந்துட்டாரா?" என்று ஆம், இல்லை என விடை வரும்படி கேளுங்கள். பிறகு காத்திருங்கள். மனத்திற்குள் பத்து எண்ணும்வரை காத்திருப்பது எளிதன்று. புறநோயாளி வரிசை நீளும்போது எங்களுக்கே அது கைவருவதில்லை. தலையசைத்தாலும் விடைதான், தவறான சொல் வந்தால் கடிந்து திருத்தவேண்டா.

பேச்சுப் பயிற்சிக்கு வருவதற்கு இது மாற்றன்று. அப்பயிற்சி வாரத்தில் சில மணி நேரமே. மீதிப் பொழுதெல்லாம் வீட்டில் மௌனமாகக் கழிவதே எங்கள் கவலை. உடனமர்ந்து நீங்களும் சிரியுங்கள். பேச இயலாத சிலருக்குப் பாட்டு தடையின்றி வருவதுண்டு. விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்த இப்படத்தில் பாட்டுக்கும் குறைவில்லை.