மேடை கிடைத்தால் மலையகப் பெண் வெல்வாள்

சிங்களத் திரையுலகின் முதல் நாயகி, நுவரெலியா மாவட்டத்தில் பிறந்த தமிழ்ப் பெண். 1923 ஜனவரி 15 அன்று இறம்பொடையில் பிறந்த டெய்சி ராசம்மா டேனியல்ஸ்தான் பின்னாளில் ருக்மணி தேவி ஆனார். 1947 ஜனவரியில் வெளியான முதல் சிங்களப் பேசும்படம் ‘கடவுனு பொரொந்துவ’. எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் தயாரித்த அந்தப் படம் ருக்மணியை நாடறிந்த நட்சத்திரமாக்கியது. மலையகத் தமிழர் இங்கு வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்த 2023, அவருடைய நூற்றாண்டும்கூட. அதை உரிமையோடு பேசியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ருக்மணி தோட்ட லயத்தில் பிறந்தவர் அல்லர். கொழும்புச் செட்டிக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. குடும்பம் கொழும்புக்குப் பெயர்ந்ததால் பாட்டும் இசைத்தட்டும் மினர்வா நாடகக் குழுவும் அவருக்குக் கைக்கெட்டின. முதல் படமே அந்தக் குழுவின் நாடகம்தான். திறமை அவருடையது; அதை வளர்த்தது நகரம். அந்தப் படம் வெளிவந்த மறு ஆண்டு, 1948இல், குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கும் நல்ல பள்ளிக்கூடமும் மறுக்கப்பட்ட இடத்தில் மேடையை யார் கேட்டிருக்க முடியும்?

கலைக்குத் தோட்டத்தில் ஒருநாளும் பஞ்சமில்லை. மாசி மாதத்தில் காமன் கூத்து இரவிரவாக நடக்கும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் பெரியவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ரதி வேடம் கட்டி வந்தவர்கள் ஆண்களே. தாலாட்டையும் ஒப்பாரியையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெண்ணுக்குக் களரியில் இடம் இருக்கவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு அடுப்பங்கரைக்குப் போகிறவளுக்கு ஒத்திகைக்கு ஏது நேரம்? தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடி எழுச்சியூட்டினார். அவர் திறந்த வழியில் பின்னால் வந்தவர்கள் மிகச் சிலரே.

திரையிலும் முயன்றார்கள். ‘தோட்டக்காரி’ படம் 1963இல் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ படத்தைத் தந்தார். அந்த முயற்சிகள் தொடர்ந்து வளரும் தொழிலாகவில்லை. 1983 வன்செயல் ஈழத்துத் தமிழ்த் திரையை மேலும் ஒடுக்கியது. இன்று நம் வீட்டுத் தொலைக்காட்சியில் மாலை முழுக்கத் தமிழ்நாட்டுத் தொடர்கள். அவற்றைப் பார்த்து அழவும் சிரிக்கவும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்ட ஒரு தொடர் இல்லை. மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ப் பெண் ருக்மணி சிங்களத் திரையை ஆண்டார். சிங்களப் பெண் மாலினி பொன்சேகா 1978இல் ‘பைலட் பிரேம்நாத்’தில் சிவாஜி கணேசனுக்கு இணையாக நடித்தார்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் பாடமாக இருக்கிறது; அதைக் கற்பிக்கும் ஆசிரியர் அட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பாடசாலைகளுக்கு வர வேண்டும். அரசுக்குச் சொந்தமான நேத்ரா, வசந்தம் தொலைக்காட்சிகள் மலையகக் கதைகளை மலையகக் கலைஞர்களைக் கொண்டே தயாரிக்க வேண்டும். நடிக்கப் போகும் பெண்ணை ஊர்வாய்க்கு இரையாக்காத மனம் நமக்கும் வேண்டும். கலைஞருக்கு ஓய்வூதியமும் காப்புறுதியும் வேண்டும். புகழின் உச்சத்தைத் தொட்ட ருக்மணியே 55ஆவது வயதிலும் ஊர் ஊராகப் பாடப் போனார். 1978 ஒக்டோபர் 28 அன்று, மாத்தறை நிகழ்ச்சி முடிந்து திரும்புகையில், வீதி விபத்தில் மாண்டார்.

அவரை நம்மவர் என்று பெருமை பேசுவது எளிது. அடுத்த ராசம்மா ஊரை விட்டுப் போகாமலே நடிகையாக வழி செய்தால்தான் அந்தப் பெருமை நமக்குத் தகும்.